லாசப்பல் கிராமமாக இருந்த கதை

முதுகுவலியால் வேலையை விட்ட பிறகு என் கணவருக்குக் காலைப்பொழுதுகள் மிஞ்சிப்போயின. பரிசில் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பிரெஞ்சு உணவகத்தின் அடுக்களையில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவர். வீட்டில் அடுப்பைத் தொடமாட்டார். நான் ஒரு பள்ளிக்கூடத்தின் கந்தீனில் வேலை செய்கிறேன். பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்து, மேசைகளைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவர் யன்னலோரம் நின்று கீழே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன செய்தனீங்கள் இண்டைக்கு?"

"ஒண்டுமில்லை."

எங்கள் வீட்டில் அது ஒரு நீண்ட உரையாடல்.

பிறகு அவர் நூலகத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே சூடாக இருக்கும், பேப்பர் சும்மா படிக்கலாம். அங்கேதான் ஒரு நாள், எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாசப்பலின் பழைய படங்களைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நாங்கள் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்குகிற அதே தெரு, ஆனால் நடுவில் மாடுகள். இரண்டு பக்கமும் தாழ்ந்த கூரை வீடுகள். அவர் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்ற ஒருத்தி, "இது அப்போது பரிஸ் இல்லை, மிஸ்யூ. இது தனி ஊர்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வசனத்தோடு என் கணவர் அந்தப் பழைய ஊருக்குள் போய்விட்டார்.

அவளை நாங்கள் வீட்டில் மடாம் என்றே சொல்வோம். எழுபத்தாறு வயது. வயதுக்கு 'அவர்' என்றுதான் எழுதவேண்டும். அந்த நாட்களில் என் மனதில் 'அவள்' என்றுதான் வந்தது, அதனால் அப்படியே எழுதுகிறேன். குட்டையாக வெட்டிய வெள்ளைத் தலைமயிர், நீல நிற மழைக்கோட்டு, ஒரு காலை இழுத்து நடை. மருந்துக்கடையில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். பிறந்ததும் வளர்ந்ததும் லாசப்பலில். தனியாக இருக்கிறாள். அவளைப் போன்ற சில ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை பின்னேரங்களில் கூடி, இந்த இடத்தின் பழைய சரித்திரத்தைக் கதைப்பார்கள். அவர்கள் நடுவில் போய் இருந்த ஒரே தமிழர் என் கணவர்.

முதல் சில வாரம் எனக்குச் சந்தோஷம்தான். மனிதர் சேட்டுப் போட்டு, தலை சீவி, வெளியே போகிறார் என்று. பிறகு இரவுச் சாப்பாட்டில் கதை தொடங்கியது.

"உமக்குத் தெரியுமோ, இந்த ரோட்டாலைதான் ராசாக்களின்ரை பிரேதம் போனது" என்றார் ஒரு நாள், புட்டைக் குழைத்துக்கொண்டே. "பரிசிலையிருந்து சென் தெனிக்கு, அங்கைதான் ராசாக்களைப் புதைக்கிறது. லாசப்பல் சனம் ரோட்டோரத்திலை நிண்டு பாக்குங்களாம். எத்தினை ராசா! ஒருத்தருக்குப் பிறகு ஒருத்தர்."

இன்னொரு நாள், ஒரு புனிதப் பெண் தோழிகளோடு இருட்டில் இந்த வழியாக நடந்து போனதும், காற்றில் அணைந்த மெழுகுதிரி அவள் கையில் தானாகப் பற்றிக்கொண்டதும். பிறகு ஊருக்கு வெளியே இருந்த வெட்டவெளியில் கூடிய பெரிய சந்தை. பரிஸ் மாணவர்கள் எழுதுகிற தோல் வாங்கப் படையாக வந்து, வாங்கிய பிறகு குடித்துத் தங்களுக்குள் அடிபடுவார்களாம். பிறகு சண்டைகள். யார் பரிசைப் பிடிக்க வந்தாலும் முதலில் எரிவது லாசப்பல்தான். ஊர்ச்சனம் திரும்பத் திரும்பக் கட்டியது. சரிவில் திராட்சை, மேட்டில் காற்றாலைகள். பரிசுக்குள் வைன் கொண்டுபோனால் வரி என்பதால், வரிச்சுவருக்கு இந்தப் பக்கம் மலிவாகக் குடிக்கிற கடைகள் முளைத்தன. ஞாயிறு பின்னேரங்களில் பரிஸ் முழுக்க இங்கே வந்து ஆடியதாம். அந்தச் சுவர் நின்ற இடத்தில்தான் இன்றைக்கு மெத்ரோ தூண்களுக்கு மேலால் ஓடுகிறது.

நன்றாகத்தான் சொன்னார். கைகளை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி. நான் எதிரே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குள் ஏதோ புகைந்தது. இந்த மனிதருக்கு இப்படிக் கதைக்கத் தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் மகள் பிறந்த நாளில்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "நல்லாயிருக்கிறாள்" என்று ஒரு சொல் சொன்னவர். செத்துப்போன பிரெஞ்சு ராசாக்களுக்காக அரை மணித்தியாலம் கதைக்கிறார்.

"எங்கட ஊர்" என்று லாசப்பலைச் சொல்லத் தொடங்கினார். எந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று மடாமிடம் கேட்டு அறிந்து வருவார். நான் படித்த பள்ளிக்கூடம் எந்த ரோட்டில் இருந்தது என்று அவர் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

மடாமுக்கு உழுந்து வடை பிடிக்கும் என்று ஒரு வியாழக்கிழமை கேட்டார். சுட்டுக் கொடுத்தேன். பச்சை மிளகாயை அள்ளிப் போட்டுத்தான் கொடுத்தேன். பின்னேரம் வெறும் பெட்டியோடு வந்து, "மடாமுக்கு அந்த மாதிரிப் பிடிச்சுப்போச்சு. அடுத்த முறையும் இதே மாதிரி வேணுமாம்" என்றார். நான் குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு நின்றேன்.

மகள் பரிசுக்கு வெளியே சார்செலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். நான் தமிழில் சொல்ல, அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அப்பா புது சேட்டு வாங்கியதைச் சொன்னேன். வியாழக்கிழமை காலையில் இரண்டு தரம் சவரம் செய்வதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"மமோ, தூ எ ஜாலூஸ்!"

"எனக்கென்ன பொறாமை? அந்தக் கிழவியிலையோ?"

ஆனால் ஜாலூஸ் என்ற அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. சாய்வான பலகைக் கீற்றுகள் வைத்த யன்னல் தட்டிக்கும் பிரெஞ்சில் கிட்டத்தட்ட அதே சொல்தான். உள்ளே நிற்பவருக்கு வெளியே தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. அந்த மாதங்களில் நான் அப்படித்தான் நின்றேன். ஒரு வியாழக்கிழமை கந்தீனில் வேலை வேளைக்கு முடிந்தது. நான் வீட்டுக்குப் போகாமல் பெரிய தெருவால் மேலே நடந்தேன். பழைய தேவாலயத்துக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். என் கணவர் சுவர்க் கல்லில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மடாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு படியிறங்கும்போது அவளுடைய முழங்கையை இவர் பிடித்தார். கால் ஏலாத மனுசி, பிடிக்கத்தான் வேண்டும். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் என் கன்னமெல்லாம் எரிந்தது. பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன், இந்த வயதில்.

செப்டெம்பரில் ஒரு வார இறுதியில் நாடு முழுக்கப் பழைய கட்டிடங்களைச் சனத்துக்குத் திறந்துவிடுவார்கள். அந்த வருடம் சங்கம் லாசப்பலில் தமிழில் ஒரு நடை ஒழுங்கு செய்தது. மடாம் பிரெஞ்சில் சொல்ல, என் கணவர் தமிழில் சொல்வார். கடைகளின் கண்ணாடியில் அறிவித்தல் ஒட்டினார்கள். ரூ பெர்தொனே தெருவில் நகை வாங்கப் போன இடத்தில்கூட இவருடைய படம்.

"நீர் வாறீர்தானே?" என்று கேட்டார்.

"எனக்கு முழங்கால் நோ" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. அதுவும் எனக்குக் குத்தியது. ஞாயிறு காலை அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் நானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மெத்ரோ பாலத்துக்குக் கீழே முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். கடைக்காரர், பிள்ளைகளோடு வந்த தாய்மார், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு இளம் சோடி. நான் பின்னால் ஒரு உயரமான பெடியனின் முதுகுக்கு மறைவில் நின்றேன். நடை தொடங்கியது. வரிச்சுவர், வைன் கடைகள், மாட்டுச் சந்தை. எல்லாம் நான் புட்டோடு கேட்ட கதைகள். மடாம் இரண்டு வசனம் சொல்வாள், இவர் அதை நாலாக்கிச் சொல்வார். சனம் ரசித்தது. தமிழ்நாட்டுப் பெண், "அங்கிள் செமயா சொல்றாரு இல்ல?" என்று தன் கணவனிடம் சொன்னாள். எனக்குப் பெருமையாக வந்திருக்கவேண்டும். வந்தது, அரைவாசி. மீதி அரைவாசி, இவர் ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்துவிட்டு மடாமின் முகத்தைப் பார்ப்பதைப் பார்த்து வெந்துகொண்டிருந்தது.

தேவாலயத்துக்குள் போனோம். வெளியே இரைச்சல், உள்ளே குளிர்ந்த அமைதி. தடித்த பழைய தூண்கள். பரிசை மீட்கப் படையோடு வந்த ஒரு இளம்பெண், சண்டைக்கு முன்னால் இங்கேதான் செபித்தாள் என்று மடாம் சொன்னாள். சண்டையில் காயப்பட்டு, தூக்கிக்கொண்டு வந்ததும் இந்த ஊருக்குத்தானாம். என் கணவர் அதைத் தமிழில் சொன்னார். பிறகு நிறுத்தினார். மடாமைப் பார்த்தார். அவள், சொல்லுங்கோ என்பதுபோல் தலையை அசைத்தாள்.

"அந்தப் பெட்டை இஞ்சை கொஞ்ச நேரம்தான் இருந்திருப்பா" என்றார் என் கணவர். "நான் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தனான்."

சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"பகிடி இல்லை. நான் வந்த புதிசு. ஒரு அறையிலை ஒம்பது பேர். இரவு வேலை செய்யிறாக்கள் விடிய வந்து படுக்கவேணும். நாங்கள் எழும்பி வெளிக்கிட்டிட வேணும். எனக்கு வேலையில்லை, விசாக் காட் இல்லை, போறதுக்கு இடமில்லை. வெளியிலை நிண்டால் பொலிஸ் பிடிக்கும் எண்டு பயம். அப்பதான் இந்தக் கதவு திறந்து கிடந்தது. அந்தா, அந்தத் தூணுக்குப் பின்னாலை ஒரு கதிரை. பின்னேரம் வரைக்கும் அதிலைதான். சாமியார் கண்டவர். ஒண்டும் கேக்கேல்லை. அடுத்த நாள் நான் இருக்கிற பக்கத்து ஹீற்றரைப் போட்டுவிட்டிருந்தவர். நான் யேசுவுக்கு முன்னாலை இருந்து மனசுக்குள்ளை பிள்ளையாரைத்தான் கும்பிட்டனான். ஒரு நாள் பசியிலை, அழுகையை அடக்கேலாமல், அந்தத் தூணைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அறுநூறு வருஷத்துக்கு முன்னம் ஒரு பெட்டை பயந்துபோய் இஞ்சை நிண்டவ எண்டு அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் கொஞ்சம் துணையா இருந்திருக்கும்."

ஒரு தாய் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாள். மடாம் இவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவளுக்கு இந்தக் கதை ஏற்கனவே தெரியும்.

எனக்குத் தெரியாது. கலியாணம் பேசியபோது, மாப்பிள்ளை வந்த நாளிலிருந்து தனி அறையில் வசதியாக இருக்கிறார் என்று எங்கள் வீட்டுக்குச் சொன்னார்கள். முப்பத்தொரு வருடம் நான் அதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். என் புருசன் பசியோடு கட்டிப்பிடித்த தூணை, முன்பின் தெரியாத முப்பது பேரோடு சேர்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போய்விடலாம் என்று திரும்பினேன். நகைக்கடைக்காரர் என்னைக் கண்டுவிட்டார்.

"அக்கா! நீங்களும் வந்தனீங்களோ? எங்களுக்குத்தான் புதுக்கதை. உங்களுக்கு அண்ணை எப்பவோ சொல்லியிருப்பார், என்ன?"

"ஓம்" என்றேன். "எப்பவோ."

அதன் பிறகு ரயில் கதை. இரண்டு பெரிய ரயில் பாதைகள் வந்து கிராமத்தை இரண்டு பக்கமும் நறுக்கின. தோட்டங்கள் போய்க் கரிக் கிடங்குகள் வந்தன. பிறகு பரிஸ் வந்து ஊரை முழுதாக விழுங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தில் ரயிலைக் குறிவைத்த குண்டுகள் வீடுகளின் மேல் விழுந்தன. பிரான்சின் மலைப்பகுதிச் சனம், பிரெத்தோனியர், அல்ஜீரியர் என்று வந்து குடியேறினார்கள், பிறகு நாங்கள். என் காதில் எதுவும் ஏறவில்லை. கடைசிவரை நின்றேன், இடையில் போனால் அழுதுவிட்டுப் போகிறாள் என்று தெரிந்துவிடும் என்பதற்காக.

வீட்டில் அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே இருந்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வந்ததை அவர் கண்டிருக்கவில்லை.

"என்னத்தை?"

"தூணை."

அவர் சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்துக்கு ஒதுக்கினார். "உமக்குச் சொன்னால் நீர் என்னைப் பாவம் எண்டு பாப்பீர். பிறகு ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் பாப்பீர். மடாம் அப்பிடிப் பாக்கேல்லை. அவ அதைச் சரித்திரம் எண்டு கேட்டா. எந்தத் தூண், எந்தப் பக்கம், ஹீற்றர் எந்த நிறம். எனக்கு வெக்கமே வரேல்லை."

"அவ உங்களுக்கு ஆர்? நான் ஆர்?"

"அதுதான் சொல்லுறன். நீர் ஆர் எண்டதாலைதான் சொல்லேல்லை."

அது எனக்குப் பதிலாகப் படவில்லை. சில நாட்கள் நாங்கள் கதைக்கவில்லை. அந்த வியாழனும் அவர் போனார், கொஞ்சம் கூனிக்கொண்டு. நான் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் சந்தையில் மீன் கடைக்கு முன்னால் மடாம் என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். நடையின்போது நான் பின்னால் நின்றதை இவர் காணவில்லை. அவள் கண்டு, நகைக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். வடைக்கு நன்றி சொன்னாள். பிறகு, இங்கே வந்து குடியேறியவர்களின் முதல் நினைவுகளைச் சேர்த்துவருவதாகச் சொன்னாள். "உங்களுக்கும் இருக்குமே, மடாம். நீங்கள் வந்த முதல் வருடம் எப்படி இருந்தது?" என்று பிரெஞ்சில் மெல்லக் கேட்டாள்.

"என்னிடம் அப்படி எதுவும் இல்லை" என்றேன்.

அவள் புன்னகைத்தாள். "உங்கள் கணவரும் ஒரு வருடம் அப்படித்தான் சொன்னார்."

ஒரு வருடம். ஒரு வருடமாகப் பொறுத்துப் பொறுத்துக் கேட்டிருக்கிறாள். மீன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது எனக்குத் தெரிந்தது, என் பொறாமை அவளிலோ கையைப் பிடித்ததிலோ இல்லை. அந்தக் கேள்வியில் இருந்தது. ஒருவர் வாயைத் திறக்கும்வரை காத்திருக்கிற அந்தப் பொறுமை அவளிடம் இருந்தது. அது கிடைத்தது என் புருசனுக்கு. என்னிடம் அப்படி யாராவது கேட்டிருந்தால் என்று நினைத்தேன். அவள் இப்போதுதான் கேட்டாள். ஆனால் எனக்கு அவள் கேட்டது போதாது. வேறு ஒருவர் கேட்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகளை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது நான் இவரை ரூ துதோவில் தெருப் பாலத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கீழே தண்டவாளங்கள் விசிறிபோல் விரிந்து கார் து நோருக்குள் போகின்றன. வெயில் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இதைப் பற்றிச் சொல்லட்டோ?" என்று தொடங்கினார். "இந்தப் பாதை வரமுன்னம் இஞ்சை..."

"நீங்கள் சொல்லவேண்டாம். இண்டைக்கு நான் சொல்லுறன்."

அவர் கம்பியில் சாய்ந்துகொண்டார்.

"வந்த முதல் வருஷம்" என்றேன், "நீங்கள் வேலைக்குப் போன பிறகு நான் கார் து நோர் ஸ்டேசனுக்குப் போறனான். கீழை, பி ரயில் வாற இடம். விமானநிலையம் எண்டு போர்ட்டிலை எழுதியிருக்கும். அதுக்கு முன்னாலை நிப்பன். ரிக்கற் எடுத்து வைச்சிருந்தனான். பாஸ்போர்ட் கைப்பையிலை. கதவு திறக்கும், சனம் ஏறும், கதவு பூட்டும். நான் ஏறேல்லை. அடுத்த நாளும் போவன். மகள் வயித்திலை வந்த பிறகுதான் விட்டனான்."

கீழே ஒரு ரயில் போய் முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏன்?"

"நீங்கள் ஒண்டும் கதைக்கிறேல்லை. பாஷை தெரியாது. இந்த ஊரிலை என்னைத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லை, உங்களையும் சேர்த்து."

அவர் முகம் எப்படி மாறியது என்பதை எனக்கு எழுத வராது. அழுவார் என்று நினைத்தேன். அவர், "எந்த மேடை?" என்று கேட்டார்.

"என்ன?"

"எந்த மேடையிலை நிண்டனீர்? நடுவிலையோ, அந்தலையிலையோ? அப்ப அங்கை இருக்கிறதுக்கு வாங்கு இருந்ததோ?"

எனக்குக் கோபம்தான் வந்தது முதலில். பிறகு விளங்கியது. அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் அவர் கேட்கிறார். மடாமிடம் படித்த வழி. நான் சொன்னேன். அந்தலையில், படிக்குப் பக்கத்தில். வாங்கு இருந்தது, ஆனால் நான் இருக்கவில்லை. பச்சை நிறக் கோட்டு, கலியாணத்துக்கு எடுத்தது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வெயில் சரியும்வரை கேட்டார். கேட்கக் கேட்க எனக்கு நினைவு வந்துகொண்டே இருந்தது.

திரும்பி நடக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இதை மடாமுக்குச் சொல்லலாமோ? அடுத்த வருஷ நடையிலை அந்த ஸ்டேசனையும் சேர்க்கிற யோசினை இருக்கு."

"சொன்னால் பாருங்கோ" என்றேன். "அது உங்களுக்கு மட்டும்."

"ஓம்" என்றார் உடனே.

அவர் இன்னமும் வியாழக்கிழமைகளில் போகிறார். என் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அவர்கள் இருவரும் இப்போது ஏதோ ஒரு பழைய காற்றாலை எங்கே நின்றது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி அவர் சொல்லும்போது வருகிற அந்த உற்சாகம் எனக்கு இன்னும் பிடிப்பதில்லை. மடாம் எங்கள் இருவரையும் தன் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். முயல் இறைச்சி சமைப்பாளாம். போவதா இல்லையா என்று நான் இன்னும் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், நானும், கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.